மூன்று சொல்லும் தெரியும், வாக்கியம் தெரியாது

கேள்வி: ஐயா, கரூரில் திரைச்சீலையும் படுக்கை விரிப்பும் ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஆங்கிலப் பேப்பரின் தலையங்கம் வாசித்தால் புரிகிறது. சென்ற மாதம் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து ஒரே வரியில் மின்னஞ்சல் வந்தது: 'ப்ளீஸ் ஹோல்ட் ஆஃப் ஆன் த ஷிப்மென்ட்.' ஹோல்ட் தெரியும், ஆஃப் தெரியும், ஆன் தெரியும். ஆஃப் பண்ணச் சொல்கிறாரா, ஆன் பண்ணச் சொல்கிறாரா என்று எங்கள் செக்‌ஷனே கூடி விவாதித்தது. ஆர்டர் கேன்சல் என்றார் ஒருவர். சரக்கைப் பிடித்து வைக்கச் சொல்கிறார் என்றார் இன்னொருவர். அகராதியில் 'கெட்' என்று பார்த்தால் பக்கம் பக்கமாகப் போகிறது. நீளமான சொல்லுக்கு எனக்குப் பயமில்லை. இந்த மூன்றெழுத்துச் சொற்கள்தான் பயமுறுத்துகின்றன. என்ன செய்யலாம்?
வாசகி, கரூர்

பதில்: முதலில் சரக்கு. ஆர்டர் ரத்தாகவில்லை. 'ஹோல்ட் ஆஃப்' என்றால், செய்யவிருந்த காரியத்தை இப்போதைக்குச் செய்யாமல் இருப்பது. அதற்குப் பின்னால் நிற்கும் 'ஆன்' சுவிட்ச் போடுகிற ஆன் அல்ல; எந்தக் காரியம் என்று விரல் நீட்டிக் காட்டுகிற ஆன். 'சரக்கை இப்போதைக்கு அனுப்ப வேண்டாம்' என்பதுதான் மொத்தச் செய்தியும். எதுவரை என்று அவர் சொல்லவில்லை. அதைக் கேட்டு உடனே ஒரு வரி எழுதிவிடுங்கள். பெட்டி கட்டி முடிந்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். இதே குடும்பத்தில் இன்னும் இருவர் உங்கள் மேசைக்கு வருவார்கள். தொலைபேசியில் 'ஹோல்ட் ஆன்' என்றால் லைனிலேயே இருங்கள். சரக்கு துறைமுகத்தில் 'ஹெல்ட் அப்' என்றால் தாமதமாகி நிற்கிறது. அந்த 'ஹோல்ட் அப்' ஒரு வங்கியில் நடந்தால், துப்பாக்கி காட்டிக் கொள்ளையடித்திருக்கிறார்கள்.

நீளமான சொல்லுக்குப் பயமில்லை என்கிறீர்கள். நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான். இதில் உங்கள் குறை எதுவும் இல்லை, ஆங்கிலம் நம் ஊருக்கு வந்து சேர்ந்த வழி அப்படி. 1066-ல் நார்மண்டியிலிருந்து வந்த வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தார். அதன் பிறகு அரசவையும் நீதிமன்றமும் பிரெஞ்சில் நடந்தன, கோயிலும் கல்வியும் லத்தீனில். ஆங்கிலம் அடுப்படியிலும் வயலிலும் சந்தையிலும் பிழைத்துக் கிடந்தது. நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் வழக்காடலாம் என்று சட்டம் வர 1362 ஆயிற்று. ஆங்கிலம் மறுபடி மேலே ஏறியபோது பிரெஞ்சிலிருந்தும் லத்தீனிலிருந்தும் பெரிய சொற்களை அள்ளிக்கொண்டது, வாயில் புழங்கிய சின்னச் சொற்களையும் விடவில்லை. அதனால்தான் ஒரே காரியத்துக்கு அங்கே இரண்டு சொல். எழுத்தில் 'போஸ்ட்போன்', பேச்சில் 'புட் ஆஃப்'. எழுத்தில் 'டாலரேட்', பேச்சில் 'புட் அப் வித்'. எழுத்தில் 'இன்வெஸ்டிகேட்', பேச்சில் 'லுக் இன்டு'.

நமக்கு ஆங்கிலம் வந்தது கோர்ட்டு, தாலுகா கச்சேரி, பாடப்புத்தகம் வழியாக. அங்கே பிறந்த குழந்தை 'புட் ஆஃப்' சொல்லிப் பல ஆண்டு கழித்துத்தான் 'போஸ்ட்போன்' சொல்கிறது. நாம் தலைகீழாகப் போகிறோம். பள்ளிச் சுவரில் தொங்கும் சிவப்பு சிலிண்டரில் 'எக்ஸ்டிங்குவிஷர்' என்று எழுதியிருப்பதை நம் பிள்ளை சிரமமில்லாமல் வாசித்துவிடும். 'புட் அவுட் த ஃபயர்' என்றால், தீயை எடுத்து வெளியே வைக்க வேண்டுமோ என்று நிற்கும்.

இனி 'ஆஃப்'. அதன் அடிக்குணம் ஒன்றுதான்: ஒட்டியிருந்தது விலகுவது. சட்டையை 'டேக் ஆஃப்' செய்தால் அது உடம்பை விட்டு விலகுகிறது. விமானம் 'டேக் ஆஃப்' ஆனால் தரையை விட்டு விலகுகிறது. 'டே ஆஃப்' வேலையிலிருந்து விலகிய நாள். ஆடித் தள்ளுபடியில் 'டென் பர்சென்ட் ஆஃப்' என்றால் விலையிலிருந்து பத்து சதவீதம் கழன்றுவிட்டது. உங்கள் வாடிக்கையாளரும் அனுப்பும் வேலையிலிருந்து கையை விலக்கிவைக்கத்தான் சொல்கிறார். இப்படி நேராகப் போய்க்கொண்டிருக்கும்போது ஓரிடத்தில் முட்டும். 'த லைட் வென்ட் ஆஃப்' என்றால் விளக்கு அணைந்தது. 'தி அலாரம் வென்ட் ஆஃப்' என்றால் அலாரம் அடித்தது. ஒன்று நிற்கிறது, மற்றது தொடங்குகிறது. விளக்கு மின்சாரத்திலிருந்து விலகியது. அலாரத்திலோ, பிடித்து நிறுத்தி வைத்திருந்த விசை பிடியிலிருந்து விலகிப் பாய்ந்தது. துப்பாக்கிக்கும் வெடிக்கும் இதே கதைதான். பிரிட்டனில் பால் 'வென்ட் ஆஃப்' என்றால் கெட்டுப்போயிற்று. நல்ல நிலையிலிருந்து விலகியது என்று இதற்கும் காரணம் சொல்லலாம். ஆனால் அது கொஞ்சம் இழுத்துக் கட்டிய காரணம்தான். இன்னொரு செய்தி: 'கப் ஆஃப் டீ'யில் வருவதும் 'டேக் ஆஃப்'பில் வருவதும் ஆங்கில எழுத்தில் வேறு வேறு. தமிழில் நாம் இரண்டையும் ஒரே மாதிரி எழுதித் தொலைக்கிறோம். பழைய ஆங்கிலத்தில் அவை உண்மையிலேயே ஒரே சொல்லாகத்தான் இருந்தன. அழுத்திச் சொன்னது ஒன்றாகவும் அழுத்தாமல் சொன்னது ஒன்றாகவும் மெல்லப் பிரிந்தன.

'ஓவர்' இன்னும் சுவாரசியமானது, ஏனென்றால் அதை நீங்கள் ஏற்கெனவே பல பொருளில் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். 'ஓவரா பேசாதே' என்றால் அளவு மீறாதே. 'படம் ஓவர்' என்றால் முடிந்தது. ரயில்வே லைனுக்கு மேலே போவது ஓவர்பிரிட்ஜ். முன்னால் போகிற லாரியைக் கடப்பது ஓவர்டேக். கிரிக்கெட்டில் ஆறு பந்து ஓர் ஓவர். இந்தக் கடைசிப் பொருள் எப்படி வந்தது தெரியுமா? ஒரு முனையில் பந்துவீச்சு முடிந்ததும் அம்பயர் 'ஓவர்' என்று குரல் கொடுப்பார். இனி மறுமுனையிலிருந்து வீச வேண்டும், ஆட்டக்காரர்கள் இடம் மாற வேண்டும். அந்தக் குரலே ஆட்டத்தின் அளவாகிவிட்டது. தொடக்கத்தில் 4 பந்துதான் ஓர் ஓவர். இங்கிலாந்தில் 6 ஆனது 1900-ல். ஆஸ்திரேலியாவில் 1970-களின் கடைசிவரை 8 பந்து வீசினார்கள்.

இத்தனைக்கும் நடுவே ஓடும் இழை, ஒன்றின் மேலாக இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவது. நடுவில் நின்று பார்த்தால் பாலம். எல்லையைத் தாண்டிப் போனால் ஓவர் பேச்சு. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டால் படம் ஓவர். கிளாடியா புரூக்மன் என்ற மொழியியலாளர் 1981-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இந்த ஒரு சொல்லைப் பற்றியே ஓர் ஆய்வேடு எழுதினார். ஜார்ஜ் லேக்காஃப் 1987-ல் வெளியிட்ட தமது நூலில் அதை விரித்து எழுதியதால் மொழியியல் வகுப்புகளில் 'ஓவர்' பெயர்பெற்ற சொல்லாயிற்று. ஒரு சொல்லின் பொருள்கள் மூட்டையில் போட்ட சில்லறை அல்ல, ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தவை என்பது அவர்கள் வாதம்.

நானும் அந்தக் கட்சிதான், ஒரு நிபந்தனையோடு. இழை தெரிந்தால் கற்ற பொருள் மறக்காது. ஆனால் தெரியாத பொருளை இழையை வைத்து ஊகிக்கப் போனால் காலை வாரிவிடும். 'ஓவர்' மேல், 'லுக்' பார். அப்படியானால் 'ஓவர்லுக்' மேற்பார்வை என்றுதானே வர வேண்டும்? வராது. கவனிக்காமல் விட்டுவிடுவது என்று பொருள். மேற்பார்வைக்கு 'ஓவர்சீ' இருக்கிறது. 'ஓவர்சைட்' என்ற பெயர்ச்சொல்லோ இரண்டையும் குறிக்கும்: கண்காணிப்பு என்றும், கண் தவறிய பிழை என்றும். ஒப்பந்தத்தில் வந்தால் பக்கத்து வாக்கியங்களையும் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

இந்தத் தொல்லை ஆங்கிலத்துக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். 'சும்மா'வை நான் இங்கே இழுக்கப் போவதில்லை. அதைப் பற்றி வேண்டிய அளவு பேசியாயிற்று. 'போடு' போதும். சட்டை போடுகிறோம், கோலம் போடுகிறோம், சண்டை போடுகிறோம், ஓட்டுப் போடுகிறோம், ஊசி போடுகிறோம், தாழ்ப்பாள் போடுகிறோம், பூனை குட்டி போடுகிறது. அகராதியும் கையுமாகத் தமிழ் கற்கிற வெளிநாட்டுக்காரரிடம் 'ஒரு டீ போடுங்க' என்று சொன்னால் டம்ளருக்கு ஆபத்து. 'விடு' இன்னும் மோசம். தனியே நின்றால் கையை எடு என்று பொருள். 'எழுதிவிட்டேன்' என்பதில் எதைக் கையிலிருந்து விட்டோம்? காரியம் முடிந்தது என்கிறோம், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் அந்த வேலையைப் பல இடங்களில் 'அப்' செய்கிறது: 'ஈட்' சாப்பிடு, 'ஈட் அப்' மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடு, 'யூஸ்' பயன்படுத்து, 'யூஸ் அப்' பயன்படுத்தித் தீர்த்துவிடு. மேலே என்ற பொருளைத் தேடினால் அங்கே கிடைக்காது.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் இப்படிப்பட்ட சிறு சொற்களுக்கென்றே இடையியல் என்று ஓர் இயலை ஒதுக்கினார். 'மன்'னுக்கு மூன்று பொருள், 'கொன்'னுக்கு நான்கு, 'ஓ'வுக்கு ஆறு, 'உம்'முக்கு எட்டு என்று அவர் பிரித்துக்கொண்டே போவதைப் பார்த்தால், ஆங்கில அகராதிக்காரர்கள் பட்ட பாட்டை அவர் முன்னமே பட்டிருக்கிறார் என்று தோன்றும். 'அவனும் வந்தான்' என்றால் முன்னே வேறொருவர் வந்திருக்கிறார். 'பத்துப் பேரும் வந்தார்கள்' என்றால் ஒருவரும் பாக்கியில்லை. 'அண்ணனும் தம்பியும்' வெறும் எண்ணிக்கை. 'குழந்தைகூட அல்ல, குருவியும் தூக்கும்' என்றால் அந்தப் பொருள் அவ்வளவு இலேசு. இந்த வேறுபாட்டை யாரும் உங்களுக்குப் பட்டியல் போட்டுச் சொல்லித்தரவில்லை. வாக்கியம் வாக்கியமாகக் காதில் விழுந்து வந்தது. ஆங்கிலச் சின்னச் சொல்லும் அப்படித்தான் வரும். 'கெட்' என்ற தலைப்பில் பக்கம் பக்கமாகப் படிப்பதை இன்றோடு நிறுத்திவிட்டு, உங்கள் மின்னஞ்சலில் வருகிற 'கெட் பேக் டு யூ', 'கெட் இட் டன்', 'கெட் த்ரூ கஸ்டம்ஸ்' ஆகியவற்றை முழுத் தொடராகவே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.

கேள்வி: ஆங்கிலத்தில் அதிகப் பொருள் கொண்ட சொல் எது? க்விஸ்ஸில் 'செட்' என்றேன், தவறு என்று மார்க்கைக் குறைத்துவிட்டார்கள்.
பிளஸ் டூ மாணவன், மதுரை

பதில்: உன் பதில் பழைய பதில், தம்பி. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989-ஆம் ஆண்டுப் பதிப்பில் 'செட்'டுக்குச் சுமார் 430 பொருள். அதை வைத்துத்தான் கின்னஸ் புத்தகமும் அதற்கு மகுடம் சூட்டியது. பிறகு அகராதியைத் திருத்தி எழுதும் வேலை தொடங்கியது. 'ரன்' என்ற வினைச்சொல் பீட்டர் கில்லிவர் என்ற பதிப்பாசிரியரிடம் வந்தது. ஒன்பது மாதம் அதோடு மல்லுக்கட்டி, வினையாக மட்டும் 645 பொருள் பிரித்தார். 2011 வாக்கில் செய்தித்தாள்களில் இது அடிபட்டது.

'ரன்' ஏன் ஜெயித்தது என்பது எண்ணிக்கையைவிட ருசியான விஷயம். ஒரு காலத்தில் காலும் தண்ணீரும்தான் ஓடின. இயந்திரங்கள் வந்தன, ரயில் ஓடியது, மில் ஓடியது, கம்பெனியை 'ரன்' பண்ணினார்கள், பிறகு கம்ப்யூட்டரில் புரோகிராமை 'ரன்' பண்ணினார்கள். தமிழிலும் இதேதான் நடந்தது. மோட்டார் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, பிழைப்பும் ஏதோ ஓடுகிறது. ஒன்றுக்கும் கால் இல்லை.

எண்ணிக்கையை ரொம்ப நம்பவும் வேண்டாம். எங்கே ஒரு பொருள் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பது அகராதி எழுதுகிறவர் வெட்டுகிற இடத்தைப் பொறுத்தது. சாமுவேல் ஜான்சன் 1755-ல் வெளியிட்ட அகராதியில் 'டேக்' வினைக்கு 134 பொருள் கொடுத்தார். ஒரு பெரிய அறிஞர், முன்னுரையில் கடினமான தத்துவச் சொற்களைப் பற்றிப் புலம்பியிருக்கலாம். அவரோ கம், கெட், கிவ், புட், செட், மேக், டேக் போன்ற பொடிச் சொற்கள் பிடி கொடுக்காமல் நழுவுவதைப் பற்றித்தான் அங்கே அலுத்துக்கொள்கிறார்.

அடிக்கடி புழங்குகிற சொல்லுக்குத்தான் பொருள் பெருகும். அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் கிங்ஸ்லி ஜிப்ஃப் 1945-ல் இதைக் கணக்காகவே காட்டினார்: ஒரு சொல்லின் பொருள்களின் எண்ணிக்கை, அது புழங்கும் அளவின் வர்க்கமூலத்தை ஒட்டி ஏறுகிறது என்றார். துல்லியமான விதி என்று கொள்ள வேண்டாம். போக்கு அதுதான்.

உன் 'செட்' தோற்றுவிட்டதே என்று வருந்தாதே. தமிழ்நாட்டில் அது தனி வாழ்க்கை நடத்துகிறது. பம்பு செட், செட் தோசை, சினிமாவுக்குப் போட்ட செட், 'நாங்கள்லாம் ஒரே செட்', 'எனக்கும் அவனுக்கும் செட் ஆகாது'. கடைசியாகச் சொன்னது ஆங்கிலேயருக்கு விளங்காது. ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்கள் எண்ணிய 430-ல் செட் தோசையைத் தேடாதே. நம் நிகண்டுக்காரர்களுக்கும் இதில் பழைய ஆர்வம் உண்டு. சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி முழுக்க ஒரு சொல், பல பொருள்தான். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் அதை உருப்போட்டார்கள். உனக்கு அந்தத் தண்டனை இல்லை.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் பேரனிடம், '1974-ல் காலேஜிலிருந்து பாஸ்ட் அவுட் ஆனேன்' என்று சொன்னேன். 'எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள் தாத்தா?' என்கிறான். யார் ஆங்கிலம் சரி?
ஓய்வுபெற்ற வட்டாட்சியர், திருநெல்வேலி

பதில்: இரண்டும் சரி, ஊர்தான் வேறு. 'பாஸ் அவுட்' என்றால் அமெரிக்காவில் மயங்கி விழுவது. பிரிட்டனிலும் இன்று முதலில் தோன்றும் பொருள் அதுதான். பயிற்சி முடித்து வெளியேறுவது என்ற பொருள் பிரிட்டிஷ் ராணுவப் பள்ளிகளில் நிலைத்தது. சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் இன்றும் 'பாஸிங் அவுட் பரேடு' நடக்கிறது. இந்தியாவில் நாம் அதைக் கல்லூரிக்கும் விரித்துக்கொண்டோம். அதை வெட்கத்துக்குரியதாக நான் நினைக்கவில்லை. நாற்பது வருஷம் ஃபைலை மேலதிகாரிக்கு 'புட் அப்' செய்தவர் நீங்கள். அந்த 'புட் அப்'பும் அமெரிக்கனுக்குப் புரியாது. அவன் ஊரில் போஸ்டரை 'புட் அப்' செய்வார்கள், விருந்தாளியை ஓர் இரவு 'புட் அப்' செய்வார்கள். பேரனிடம் மட்டும் 'கிராஜுவேட்டட்' என்று சொல்லிவிடுங்கள்.

இந்தச் சின்னச் சொற்கள் கடலைத் தாண்டும்போது குணம் மாறுவதில் பெரியவர்களே மாட்டியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் தளபதிகள் அவசரமாகப் பேச வேண்டிய ஓர் அறிக்கையை 'டேபிள்' செய்ய வேண்டும் என்றார்கள். அமெரிக்கத் தளபதிகள் கூடாது என்று மறுத்தார்கள். நீண்ட நேரம் காரசாரமாக வாதம். பிரிட்டனில் 'டேபிள்' செய்வது என்றால் விவாதத்துக்கு எடுத்துக்கொள்வது. அமெரிக்காவில், ஓரமாகத் தூக்கி வைத்துவிடுவது. இரண்டு தரப்பும் கேட்டது ஒன்றையேதான் என்று பிறகுதான் விளங்கியது. சர்ச்சில் தமது போர் வரலாற்றில் இதை எழுதிவைத்திருக்கிறார். நம் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் அறிக்கை 'டேபிள்' ஆவது பிரிட்டிஷ் வழக்கப்படி.

'குவைட்' என்ற சொல்லும் கவனம். பேரன் சமையலை 'குவைட் குட்' என்றால் நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம். லண்டன்காரர் அதையே சொன்னால், பரவாயில்லை என்ற அளவில்தான் பல நேரம் இருக்கும். ஆனால் அவரே 'குவைட் ரைட்' என்றால் முழுக்கச் சரி. 'த்ரூ' என்ற சொல்லால் தொலைபேசியில் வந்த குழப்பம் பழைய டிரங்க் கால் காலத்தது: 'யூ ஆர் த்ரூ' என்று பிரிட்டிஷ் ஆபரேட்டர் சொன்னால் இணைப்புக் கிடைத்துவிட்டது, பேசுங்கள், அமெரிக்கக் காதுக்கு அது, பேசி முடித்துவிட்டீர்கள்.

கேள்வி: பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து, பிரிட்டனில் வேலைக்காக ஓ.இ.டி. தேர்வுக்குப் படிக்கிறேன். நோய்களின் பெயர் எல்லாம் அத்துப்படி. நோயாளி பேசுகிற ஆங்கிலம்தான் பிடிபடவில்லை. அங்கே போனால் என்ன செய்வேனோ என்று கவலையாக இருக்கிறது, ஐயா.
வாசகி, நாகர்கோவில்

பதில்: உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது, அம்மா. மற்றவர்களுக்குச் சின்னச் சொல் தவறினால் சிரிப்பு; உங்களுக்குச் சார்ட்டில் தப்பான வரி. 'பாஸ்' என்ற ஒரு சொல்லையே பாருங்கள். 'ஷீ பாஸ்ட் அவுட்' என்றால் மயங்கிவிட்டார். 'ஷீ பாஸ்ட் அவே' என்றால் இறந்துவிட்டார். 'பாஸிங் வாட்டர்' என்றால் சிறுநீர் கழிப்பது. 'வாமிட்டிங்' என்ற சொல்லை வயதான நோயாளி சொல்லமாட்டார். 'த்ரூ அப்' என்பார், 'ப்ராட் அப்' என்பார், இல்லையென்றால் வெறும் 'பீன் சிக்' என்பார். 'சிக்' என்றால் பொதுவாக உடம்பு சரியில்லை என்று நாம் படித்திருக்கிறோம். பிரிட்டனில் 'ஐ வாஸ் சிக்' என்றால் பெரும்பாலும் வாந்தி எடுத்தேன் என்று அர்த்தம். மயக்க மருந்து தெளிந்து கண் விழிப்பது 'கம் ரவுண்ட்'. உடம்பில் தடிப்புக் கிளம்பினால் 'கம் அவுட் இன் எ ராஷ்'. காய்ச்சலோ வீக்கமோ 'கோ டவுன்' என்றால் குறைகிறது. ஆனால் ஒருவர் காய்ச்சலோடு 'கோ டவுன் வித்' என்று தொடங்கினால் நோயில் விழுந்துவிட்டார். 'வித்' வந்ததா என்று கேட்டுக்கொண்டே இருங்கள்.

படிக்கிற முறைக்கு வருகிறேன். மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றியவர். வங்காளப் பிள்ளைகளுக்காக வாசிப்பு நூல்கள் எழுதியவர். 1953-ல் அவர் வெளியிட்ட பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்கள்தான். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் எந்தப் பொருள் எத்தனை சதவீதம் புழங்குகிறது என்றும் கூடவே கொடுத்தார். பாடம் அதில்தான் இருக்கிறது: ஒரு சொல்லுக்கு ஐம்பது பொருள் இருந்தாலும் நாலைந்துதான் முக்கால்வாசி வேலையைச் செய்யும். 1987-ல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்து ஜான் சின்க்ளேரின் குழு கொண்டுவந்த கோபில்ட் அகராதி, கம்ப்யூட்டரில் சேர்த்த உண்மைப் பேச்சையும் எழுத்தையும் வைத்து இதை இன்னும் தெளிவாக்கியது. நீங்கள் வாங்க வேண்டியது இப்படி வெளிநாட்டு மாணவருக்காக எழுதிய அகராதி. ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதி பொருள்களைக் கால வரிசையில் தருவது. ஆயிரம் ஆண்டுப் பழசு முதலில் நிற்கும். வார்டில் அதற்கு வேலையில்லை.

சொற்களைக் குறைத்தால் சுலபமாகிவிடும் என்று நினைத்தவர்களும் உண்டு. சி. கே. ஆக்டன் 1930-ல் 'பேசிக் இங்கிலீஷ்' என்று 850 சொல்லில் ஒரு சிறு ஆங்கிலம் செய்தார். வினைச்சொல் 18 மட்டும். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் விலக்கிய அத்தனை வினைகளின் சுமையும் கெட், கிவ், கோ, புட், டேக் தலையில் ஏறியது. 'வாமிட்' வேண்டாம் என்று விலக்கினால் ஏதாவது ஒரு பொடி வினையோடு 'அப்' சேர்த்துத்தானே சொல்ல வேண்டும்? நம்மைப் போன்றவர்களுக்கு அதுதான் கஷ்டமான பாதி.

காதுக்கு இரண்டு குறிப்பு. ஒன்று, இப்படி வினையும் சின்னச் சொல்லும் சேர்ந்த இணைசொற்களில் அழுத்தம் பெரும்பாலும் இரண்டாம் சொல்லில் விழும். 'ஹீ பாஸ்ட் அவுட்' என்பதில் 'அவுட்' காதில் நன்றாக விழும். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். இட், ஹிம், ஹெர் போன்ற சொல் வந்தால் பல இணைகளில் நடுவே புகுந்துகொள்ளும்: 'ஐ த்ரூ இட் அப்'. இரண்டும் பிரிந்து நிற்பதால் வேறு சொல் என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டு, 'கேன்'. நாம் அதை முழு அழுத்தத்தோடு சொல்கிறோம். அவர்கள் 'ஐ கன் வாக்' என்று விழுங்கிவிட்டு 'வாக்'கை அழுத்துவார்கள். அழுத்தம் 'கா'வில் விழுந்து 'கான்ட்' என்று கேட்டால் நடக்க முடியவில்லை. சந்தேகமாக இருந்தால் மறுபடி கேளுங்கள். கேட்பது அந்த ஊர் ஆஸ்பத்திரியில் குறைவாக நினைக்கப்படாது, கேட்காமல் எழுதுவதுதான் குற்றம்.

கேள்வி: சினிமாவில் போலீஸ்காரர் வயர்லெஸில் பேசி முடிக்கும்போது 'ஓவர் அண்ட் அவுட்' என்கிறாரே, அது என்ன?
வாசகர், ஆம்பூர்

பதில்: எழுதியவருக்கு வயர்லெஸ் தெரியாது என்று அர்த்தம். 'ஓவர்' என்றால் நான் முடித்தேன், பதில் சொல்லுங்கள். 'அவுட்' என்றால் பேச்சு முடிந்தது, பதில் வேண்டாம். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் எதிரில் இருப்பவர் என்ன செய்வார்? அதே போல, 'ரோஜர்' என்றால் சரி, செய்கிறேன் என்றுதான் எல்லாப் படத்திலும் காட்டுகிறார்கள். வந்த செய்தி முழுதும் கேட்டது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. சொன்னபடி செய்கிறேன் என்பதற்கு 'வில்கோ' என்று தனிச்சொல் இருக்கிறது.